சதுரங்கத் தொடக்கம்: மனப்பாடம் செய்வதற்கு முன் காரணம் கேளுங்கள்

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சதுரங்கம் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகளுள் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். இத்தாலியத் தொடக்கத்தின் முதல் எட்டு நகர்வுகளை வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் தடங்கலின்றிச் சொல்வான். ஒரு பயிற்சிப் போட்டியில் அவனுக்கு வெள்ளைக் காய்கள் கிடைத்தன. ராஜாவுக்கு முன்னிருந்த சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தினான். எதிரே இருந்த சிறுமியும் அவ்வாறே செய்தாள். இவன் குதிரையை வெளியே எடுத்து அவளுடைய சிப்பாயைக் குறிவைத்தான். அவள் அதைக் காக்காமல், ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினாள். நடுப்பலகையில் ஒரு சிப்பாய் காவலின்றி நின்றது. இவனோ அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மந்திரியை எடுத்து வைத்தான். ஆட்டம் முடிந்தபின், ஏன் வெட்டவில்லை என்று கேட்டேன். "அடுத்தது மந்திரிதானே, சார்?" என்றான்.

அவனுக்கு நகர்வுகளின் வரிசை தெரிந்திருந்தது. ஒவ்வொரு நகர்வும் எதிராளியின் எந்தச் செயலுக்குப் பதிலாக வந்தது என்பது தெரிந்திருக்கவில்லை. சதுரங்கத்தைப் புதிதாகக் கற்பவர்கள் தொடக்க ஆட்டத்தை எந்த வரிசையில், எவ்வளவு நேரம் செலவிட்டுப் பழகலாம் என்பதைச் சொல்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம். பலகையும் காய்களும் கையருகே இருந்தால் ஒவ்வொரு நகர்வையும் வைத்துப் பார்த்துக்கொண்டே படியுங்கள்.

கட்டங்களைக் குறிப்பிடும் முறையை மட்டும் முதலில் நினைவுபடுத்திக்கொள்வோம். வெள்ளைக் காய்களுக்குப் பின்னால் அமர்ந்து பார்த்தால், நெடுவரிசைகள் இடமிருந்து வலமாக ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச். குறுக்கு வரிசைகள் நம் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரை. வெள்ளை ராஜா நிற்பது இ1, கறுப்பு ராஜா நிற்பது இ8.

முதல் படி: பத்து நகர்வுகளுக்குள் முடிக்க வேண்டிய வேலைகள்

வெள்ளையின் முதல் நகர்வுக்கே 20 வழிகள் உண்டு. கறுப்பும் ஒரு நகர்வு ஆடிவிட்டால் 400 நிலைகள். 1970களில் யுகோஸ்லாவியாவில் வெளிவரத் தொடங்கிய தொடக்கங்களின் கலைக்களஞ்சியம், தொடக்கங்களை ஏ00 முதல் இ99 வரை 500 தலைப்புகளாகப் பிரித்தது. ஒவ்வொரு தலைப்பின் கீழும் கிளைகள், கிளைகளுக்குள் கிளைகள். இவற்றில் ஒரு சிறு பகுதியை மனப்பாடம் செய்துவிட்டாலும், புதியவராகிய உங்களுக்கு எதிரே அமர்பவரும் புதியவர்தான்; அவர் மூன்றாவது அல்லது நான்காவது நகர்வில் ஏட்டை விட்டு விலகிவிடுவார். அப்போது உங்களிடம் எஞ்சியிருக்கப் போவது நீங்கள் புரிந்துகொண்டது மட்டுமே.

புரிந்துகொள்ள வேண்டியது அதிகமில்லை. பலகையின் நடுவிலுள்ள டி4, இ4, டி5, இ5 ஆகிய நான்கு கட்டங்களில் பிடி வேண்டும். குதிரைகளும் மந்திரிகளும் வெளியே வர வேண்டும். ராஜா கோட்டைக்குள் போக வேண்டும், அதாவது கோட்டை கட்ட வேண்டும்: ராஜா யானையை நோக்கி இரண்டு கட்டம் நகர, யானை அதைத் தாண்டி மறுபக்கம் வந்து நிற்கும் நகர்வு இது. கடைசியாக இரு யானைகளுக்கும் இடையே காய் எதுவும் இல்லாமல், ஒன்றையொன்று பார்த்து நிற்க வேண்டும். இந்த நான்கும் முடிந்தால் தொடக்கம் முடிந்தது என்று கொள்ளலாம்.

ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. எஃப்3 கட்டத்தில் நிற்கும் குதிரை எட்டுக் கட்டங்களைத் தாக்குகிறது. அதே குதிரையை எச்3இல் வைத்தால் நான்கு, பலகையின் மூலையில் வைத்தால் இரண்டுதான். நடுவை நோக்கிக் காய்களை வையுங்கள் என்று சொல்வது இந்த எண்ணிக்கையால்தான். ராணியை அவசரப்பட்டு வெளியே எடுக்க வேண்டாம் என்பதற்குக் காரணம் வேறு. ராணி விலை மிகுந்த காய் என்பதால், குதிரையோ மந்திரியோ அவளைத் தாக்கினால் ஓடியே ஆக வேண்டும். அவள் ஓடும் ஒவ்வொரு முறையும் எதிராளிக்கு ஒரு காய் இலவசமாக வெளியே வந்துவிடுகிறது. வீட்டில் அண்ணன்மார் தம்பிகளை வீழ்த்தும் நான்கு நகர்வு ‘மேட்’டை, அதாவது ராஜாவைத் தப்ப வழியின்றி மடக்கி ஆட்டத்தை முடிப்பதை, நினைத்துப் பாருங்கள். வெள்ளை, மந்திரியை சி4இலும் ராணியை எச்5இலும் வைத்து எஃப்7ஐக் குறிவைக்கிறது. கறுப்பு பதறாமல் ஜி சிப்பாயை ஜி6க்கு நகர்த்தினால் ராணி எஃப்3க்கு விலகி மறுபடியும் எஃப்7ஐ மிரட்டும். இப்போது குதிரையை எஃப்6இல் வைத்தால் வழி அடைபட்டுவிடும். ராணி இரண்டு முறை நகர்ந்தாயிற்று. வெள்ளைக் குதிரைக்குரிய எஃப்3 கட்டத்தையும் அவளே அடைத்துக்கொண்டு நிற்கிறாள்.

இரண்டாம் படி: ஒரே ஒரு தொடக்கத்தைக் காரணத்தோடு பழகுதல்

வெள்ளைக்கு இத்தாலியத் தொடக்கத்தையே பரிந்துரைக்கிறேன், ஏனெனில் அதில் ஒவ்வொரு நகர்வும் தன் காரணத்தை வெளிப்படையாகக் காட்டும். சிப்பாய் இ4க்கு வருகிறது: நடுவில் ஓர் இடம் கிடைக்கிறது, மந்திரிக்கும் ராணிக்கும் வழி திறக்கிறது. கறுப்பு, சிப்பாயை இ5இல் வைத்து அதே உரிமையைக் கோருகிறது. வெள்ளைக் குதிரை எஃப்3க்கு வந்து இ5 சிப்பாயைத் தாக்குகிறது. கறுப்புக் குதிரை சி6க்கு வந்து அதைக் காக்கிறது. வெள்ளை மந்திரி சி4க்கு வருகிறது. அது எஃப்7ஐப் பார்க்கிறது. தொடக்கத்தில் கறுப்பு ராஜாவைத் தவிர வேறு காவலில்லாத கட்டம் அது. மந்திரி எஃப்1இலிருந்து விலகியதால் ராஜா கோட்டை கட்டவும் வழி கிடைத்துவிட்டது. கறுப்பும் மந்திரியை சி5இல் வைத்தால், வெள்ளை அடுத்து சி2 சிப்பாயை சி3க்கு நகர்த்தலாம்.

இந்தச் சி3 நகர்வில்தான் பிள்ளைகளின் முகத்தில் முதல் ஐயம் தோன்றும். காய்களை வெளியே எடுக்கச் சொன்னீர்களே, இப்போது ஏன் ஒரு சிப்பாய் என்பார்கள். மிகச் சரியான கேள்வி. டி4க்குச் சிப்பாயைத் தள்ள வெள்ளை விரும்புகிறது. அதைக் கறுப்பு வெட்டினால் திரும்ப வெட்ட இன்னொரு சிப்பாய் தயாராக நின்றால்தான் நடுவில் இரண்டு சிப்பாய்கள் சேர்ந்து நிற்க முடியும். அதற்கான ஏற்பாடு இது. இதைப் புரிந்துகொண்ட மாணவர், வேறொரு தொடக்கத்தில் சி3 என்ற நகர்வைப் பார்க்கும்போது, டி4ஐ நோக்கித் தயாராகிறார்கள் போலும் என்று தானாகவே ஊகித்துவிடுவார். ஒரு காரணம் பல தொடக்கங்களுக்குப் பயன்படுவதுபோல், மனப்பாடம் செய்த ஒரு நகர்வு வேறெங்கும் பயன்படாது.

இனி அந்தச் சிறுவனின் ஆட்டத்துக்கு வாருங்கள். கறுப்பு இரண்டாவது நகர்வில் எச்6 ஆடியபோது, இ5 சிப்பாயைக் குதிரையால் வெட்டியிருக்க வேண்டும். கறுப்பு, ராணியை இ7க்குக் கொண்டுவந்து சிப்பாயைத் திரும்பப் பெறப் பார்க்கும் என்பது உண்மைதான். வெள்ளை டி4 ஆடும்; கறுப்பு, சிப்பாயை டி6க்குத் தள்ளிக் குதிரையை விரட்டும்; குதிரை எஃப்3க்குத் திரும்பும்; ராணி இ4 சிப்பாயை வெட்டிச் செக் சொல்லும். அந்தச் செக்கை மந்திரியை இ2இல் வைத்துத் தடுத்தால், அடுத்து வெள்ளை கோட்டை கட்டிவிடும். யானை இ1க்கு வந்தும் குதிரை சி3க்கு வந்தும் ராணியை விரட்டும். கறுப்பின் குதிரைகளும் மந்திரிகளும் அப்போது கிளம்பியே இருக்காது.

மூன்றாம் படி: ஒரு முழு ஆட்டத்தைக் கண்முன் வைத்துப் பார்த்தல்

1858இல் பாரிஸ் நகரத்து இசைநாடக அரங்கில், அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸிலிருந்து வந்திருந்த 21 வயது பால் மார்ஃபி, பிரன்ஸ்விக் கோமகனும் இசுவார் பிரபுவும் ஒன்றாக ஆலோசித்து ஆடிய ஆட்டத்தை 17 நகர்வுகளில் வென்றார். தொடக்கக் கோட்பாடுகளைக் கற்க இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

மார்ஃபிக்கு வெள்ளைக் காய்கள். இ4, இ5, குதிரை எஃப்3, சிப்பாய் டி6, சிப்பாய் டி4. இங்கே கறுப்பு, மந்திரியை ஜி4க்குக் கொண்டுவந்து எஃப்3 குதிரையைக் கட்டிப்போட்டது; அது நகர்ந்தால் பின்னாலுள்ள ராணி பறிபோகும். மார்ஃபி இ5 சிப்பாயை வெட்டினார். கறுப்பு தன் மந்திரியால் குதிரையை வெட்ட நேர்ந்தது. மார்ஃபி ராணியால் திரும்ப வெட்டினார். கறுப்பு, சிப்பாயைத் திரும்பப் பெற்றது. மந்திரி சி4க்கு வந்து எஃப்7இல் மேட் என்று மிரட்ட, கறுப்புக் குதிரை எஃப்6க்கு வந்து தடுத்தது. இப்போது ராணி பி3க்குச் சென்று எஃப்7, பி7 இரண்டையும் ஒரே நேரத்தில் தாக்கியது. கறுப்பு ராணி இ7க்கு வந்து எஃப்7ஐக் காத்தது.

ராணியை அவசரப்பட்டு எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, மார்ஃபி ராணியை இருமுறை நகர்த்தியதை எப்படி நியாயப்படுத்துவது என்று கேட்பீர்கள். விதியின் காரணத்தை எடுத்து இந்த நிலையில் பொருத்திப் பாருங்கள். ராணி வெளியே வந்தால் சிறு காய்கள் விரட்டும் என்பதே காரணம். கறுப்பு தன் வெள்ளைக் கட்ட மந்திரியை ஏற்கெனவே கொடுத்துவிட்டது. பி3இல் நிற்கும் ராணியை விரட்ட எதுவும் அருகில் இல்லை. மேலும் ஒவ்வொரு முறையும் ராணி ஓடிப் பிழைக்க நகரவில்லை, வெட்டவும் மிரட்டவும் நகர்ந்தாள். விதியை எழுத்தாக மட்டும் அறிந்தவருக்கு இது மீறல். காரணத்தோடு அறிந்தவருக்கு இது விதியின் இன்னொரு முகம்.

அடுத்த நகர்வு இன்னும் அருமையானது. பி7 சிப்பாயை மார்ஃபி வெட்டியிருக்கலாம். வெட்டினால் கறுப்பு ராணி பி4க்கு வந்து செக் சொல்லி, ராணிகளை மாற்றிக்கொண்டு, ஒரு சிப்பாய் குறைவோடு ஆட்டத்தை இழுத்துச் செல்லும். அவர் சிப்பாயை விட்டுவிட்டு, குதிரையை சி3க்கு எடுத்தார். கறுப்பு சி6 ஆட, மந்திரி ஜி5க்கு வந்து எஃப்6 குதிரையைக் கட்டிப்போட்டது. இந்த இடத்தில் நிறுத்தி, காய்களை எண்ணுங்கள். வெள்ளையில் இரு மந்திரிகள், குதிரை, ராணி என நான்கு காய்கள் வேலையில் இறங்கிவிட்டன. கறுப்பில் வெளியே இருப்பவை ஒரு குதிரையும் ராணியும். அந்த ராணியும் இ7இல் நின்று தன் மந்திரியின் வழியையே அடைத்துக்கொண்டிருக்கிறாள்.

கறுப்பு பி5 ஆடி மந்திரியை விரட்ட முயன்றபோது, மார்ஃபி குதிரையால் அந்தச் சிப்பாயை வெட்டினார். கறுப்பு குதிரையை வெட்ட, மந்திரி பி5இல் வெட்டிச் செக் சொன்னது. கறுப்பு குதிரையை டி7இல் வைத்து மறைத்தது. மார்ஃபி ராணிப் பக்கம் கோட்டை கட்டினார்: ராஜா பாதுகாப்பாயிற்று, அதே நகர்வில் யானையும் டி நெடுவரிசைக்கு வந்து டி7ஐத் தாக்கத் தொடங்கியது. கறுப்பு யானை டி8க்கு வந்து காத்தது. மார்ஃபி யானையால் டி7 குதிரையை வெட்டி, அது வெட்டப்பட்டதும் மூலையில் இருந்த இன்னொரு யானையையும் டி1க்கு அழைத்து வந்தார். அதன் பிறகு மந்திரியால் டி7இல் வெட்டி, ராணியையே பி8இல் பலி கொடுத்து, யானையை டி8இல் வைத்து மேட் செய்தார். துணைக்கு ஜி5 மந்திரி. கறுப்பின் எஃப்8 மந்திரியும் எச்8 யானையும் ஆட்டம் முழுவதும் ஒரு முறைகூட நகரவில்லை. எனக்கு இந்த இறுதி நிலையைப் பார்க்கும்போதெல்லாம், அந்த இரண்டு காய்களும்தான் முதலில் கண்ணில் படுகின்றன.

நான்காம் படி: பொறிகளைக் காரணத்தால் அறுத்தல்

புதியவர்கள் பொறிகளை விரும்பி மனப்பாடம் செய்கிறார்கள், ஏனெனில் அவை விரைவில் வெற்றி தருகின்றன. இணைய ஆட்டங்களில் அடிக்கடி வருவது இது: இத்தாலியத் தொடக்கத்தில் வெள்ளை மந்திரி சி4க்கு வந்ததும், கறுப்பு தன் சி6 குதிரையை டி4க்குத் தாவ விடுகிறது. இ5 சிப்பாய் காவலின்றி நிற்கிறது. குதிரையால் அதை வெட்டினால் கறுப்பு ராணி ஜி5க்கு வந்து குதிரையையும் ஜி2ஐயும் ஒரே நேரத்தில் தாக்கும். வெள்ளை எஃப்7ஐ வெட்டி ராணியையும் யானையையும் சேர்த்துத் தாக்க ஆசைப்படும்; ராணி ஜி2 சிப்பாயை வெட்டும்; யானை எஃப்1க்கு ஒதுங்கும்; ராணி இ4இல் வெட்டிச் செக் சொல்லும்; மந்திரி இ2இல் மறைக்கும்; குதிரை எஃப்3இல் மேட்.

இதற்கு மாற்று நகர்வுகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. கறுப்பு ஒரே குதிரையை இரண்டாம் முறை நகர்த்தி, காத்துக்கொண்டிருந்த சிப்பாயையும் விட்டுவிட்டதைக் கண்டதும், ஏன் இப்படிச் செய்கிறார் என்று ஒரு நொடி நின்றாலே போதும். டி4இல் நிற்கும் அந்தக் குதிரையை வெள்ளை தன் குதிரையால் வெட்டிவிடலாம்; கறுப்பு சிப்பாயால் திரும்ப வெட்டும்; வெள்ளை கோட்டை கட்டும். கறுப்பில் அப்போது வெளியே ஒரு காய்கூட இல்லை. டி வரிசையில் இரண்டு சிப்பாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. இதே நிலையில் முன்சொன்ன சிறுவனை அமர்த்தியபோது, இரண்டு நிமிடம் யோசித்துத் தானாகவே இந்த நகர்வைக் கண்டுபிடித்தான்.

ஐந்தாம் படி: கோட்பாடு போதாத இடங்களை அடையாளம் காணுதல்

கோட்பாடுகள் எல்லா இடத்திலும் சோறு போடும் என்று நான் சொல்ல மாட்டேன். அதே இத்தாலியத் தொடக்கத்தில் கறுப்பு மூன்றாவது நகர்வாக, மந்திரிக்குப் பதில் குதிரையை எஃப்6இல் வைத்தால், வெள்ளை தன் குதிரையை எஃப்3இலிருந்து ஜி5க்கு நகர்த்தி எஃப்7ஐ இருமுனையில் தாக்கலாம். ஒரே காயை இருமுறை நகர்த்துவது கோட்பாட்டுக்கு மாறானது. ஆயினும் தாக்குதல் உண்மையானது. கறுப்பு டி5 ஆடி மந்திரியின் வழியை அடைக்கிறது. வெள்ளைச் சிப்பாய் அதை வெட்டுகிறது. இப்போது கோட்பாடு, குதிரையால் டி5இல் திரும்ப வெட்டு, நடுவில் குதிரை வரும் என்று சொல்லும். ஆனால் அப்படி வெட்டினால் வெள்ளை தன் குதிரையை எஃப்7இல் பலி கொடுத்து, ராஜாவை வெளியே இழுத்து, ராணியை எஃப்3க்குக் கொண்டுவந்து செக் சொல்லும். டி5 குதிரையைக் காக்கக் கறுப்பு ராஜாவே இ6க்கு, நடுப்பலகைக்கு நடக்க வேண்டியிருக்கும். புதியவரால் அங்கே பிழைப்பது மிகக் கடினம்.

பல காலமாகப் பரிசோதிக்கப்பட்ட பதில், சி6 குதிரையை ஏ5க்கு, பலகையின் ஓரத்துக்கு அனுப்புவது. ஓரத்துக் குதிரை நல்லதல்ல என்று படித்தவர் இதை எளிதில் நினைக்க மாட்டார். அது சி4 மந்திரியைத் தாக்கி ஒரு நகர்வைச் சம்பாதிக்கிறது. பின்னர் கறுப்பு ஒரு சிப்பாயை இழந்து, அதற்கு ஈடாகக் காய்களை வேகமாக வெளியே எடுக்கிறது. இத்தகைய இடங்களில் மட்டும் மனப்பாடம் தேவை. ராஜாவின் மேல் நேரடித் தாக்குதல் இருந்தால், ஒரு தவறான நகர்வு ஆட்டத்தையே முடித்துவிடும் என்றால், அந்த வரிசையை நினைவில் ஏற்றிக்கொள்ளுங்கள். அமைதியான நிலைகளில் தேவையில்லை.

பெரிய ஆட்டக்காரர்கள் 20 நகர்வுகளுக்கு மேல் தயாரித்து வருகிறார்களே என்ற கேள்வி நியாயமானது. 2008இல் ஜெர்மனியின் பான் நகரில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியில் விஸ்வநாதன் ஆனந்த், விளாதிமிர் கிராம்னிக்கை மூன்றாவது, ஐந்தாவது ஆட்டங்களில் கறுப்புக் காய்களுடன் வென்றார். இரண்டிலும் அவர் கையாண்டது மெரான் எனப்படும் ஒரே வகைத் தொடக்கத்தில் முன்கூட்டியே தயாரித்த வழி. அந்த மட்டத்தில் இருவரும் கோட்பாடுகளை முழுவதும் கரைத்துக் குடித்தவர்கள். எனவே தயாரிப்பே வேறுபாட்டை உண்டாக்குகிறது. எதிர்த்திசையிலும் ஒரு சான்று உண்டு. 1918இல் நியூயார்க்கில் பிராங்க் மார்ஷல், இன்று அவர் பெயரால் வழங்கும் தாக்குதலை பின்னாளில் உலகச் சாம்பியனான ஹோசே ரவுல் கபாபிளாங்காவுக்கு எதிராக ஆடினார்; பல ஆண்டுகள் அதை மறைத்து வைத்திருந்தார் என்று ஒரு கதையும் உலவுகிறது. கபாபிளாங்கா அந்தப் பலி கொடுத்த சிப்பாயை ஏற்றுக்கொண்டு, பலகையிலேயே ஒவ்வொரு மிரட்டலுக்கும் பதில் கண்டுபிடித்து, 36 நகர்வுகளில் வென்றார். மார்ஷலின் தாக்குதல் மோசமானதல்ல. இன்றும் முன்னணி ஆட்டக்காரர்கள் ஆடும் மதிப்புள்ள ஆயுதம் அது.

ஆறாம் படி: நாள்தோறும் செய்ய வேண்டியது

வெள்ளைக்கு இத்தாலியத் தொடக்கம், இ4க்கு எதிராக இ5, டி4க்கு எதிராக டி5 என மூன்றை மட்டும் ஓராண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 15 நிமிடமாவது கிடைக்கும் ஆட்டங்களையே ஆடுங்கள். மூன்று நிமிட ஆட்டத்தில் காரணம் கேட்க நேரமிருக்காது. ஒவ்வோர் ஆட்டமும் முடிந்தவுடன், கணினி மதிப்பீட்டைத் திறப்பதற்கு முன், முதல் பத்து நகர்வுகளை ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரே வரியில் காரணம் எழுதுங்கள். காரணம் எழுத முடியாமல் பேனா நிற்கும் முதல் நகர்வைச் சுற்றி வட்டமிடுங்கள். அந்த ஒரு நகர்வை மட்டும், லிச்செஸ் போன்ற இலவசத் தளத்தின் தொடக்கத் தரவுத் தொகுப்பில் பாருங்கள்: வல்லவர்கள் அங்கே என்ன ஆடினார்கள், ஏன் ஆடியிருப்பார்கள்? விடை கிடைத்ததும் நோட்டில் குறித்துவிட்டு மூடிவிடுங்கள். ஓர் ஆட்டத்துக்கு ஒரு நகர்வு என்ற கணக்கில் சேர்ந்த அறிவு மறக்காது, ஏனெனில் அது நீங்கள் திணறிய இடத்தில் கிடைத்தது.

வாரத்துக்கு ஒருமுறை, முன்னாள் உலகச் சாம்பியன் பாபி ஃபிஷர் 1996இல் அறிமுகப்படுத்திய, செஸ்960 எனப்படும் சதுரங்க வகையில் ஓர் ஆட்டம் ஆடிப் பாருங்கள். அதில் பின்வரிசைக் காய்கள் 960 வகைகளுள் ஏதேனும் ஒன்றாகக் கலைத்து அடுக்கப்படும் என்பதால், மனப்பாடத்துக்கு அங்கே இடமே இல்லை. எந்தக் காய் அடைபட்டிருக்கிறது, எந்தச் சிப்பாயை நகர்த்தினால் அது திறக்கும், ராஜாவை எந்தப் பக்கம் கொண்டுபோவது என்று முதல் நகர்விலிருந்தே நீங்களே கேட்க வேண்டியிருக்கும். அந்த ஆட்டத்தையும் அதே நோட்டில், அதே முறையில் எழுதுங்கள்; சில வாரங்களில் வட்டமிட்ட நகர்வுகள் மூன்றாவதிலிருந்து ஏழாவதுக்கோ எட்டாவதுக்கோ தள்ளிப்போவதை நீங்களே காண்பீர்கள்.